குவளையும் துருவக் கடலும்



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே, இன்று தொழிற்சாலைகள் நிறைந்து விளங்கும் பகுதியில், பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையில் ஓர் ஆசிரியர் செய்த பிழையைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அந்த ஆசிரியன் நானேதான்.

ஒரு நாள், “வடதுருவக் கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் உயர்ந்துவிடும்” என்று பாடம் சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, சர்பத்தில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் குவளை வழிவதில்லையே?” என்று கேட்டான். “உட்கார்” என்று அவனை அடக்கினேன். அன்றிரவு குவளையில் பனிக்கட்டியை மிதக்கவிட்டு, விளிம்பு வரை நீர் நிரப்பிக் காத்திருந்தேன். கட்டி முழுதும் கரைந்தது. ஒரு சொட்டும் வழியவில்லை. மறுநாள் அவனிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை முன்னரே விலக்கிவிடுகிறது. ஆதலின் அது உருகுவதால் மட்டம் ஏறக்குறைய மாறுவதில்லை. நீருக்கு மேல் தலைநீட்டும் கல்லொன்றைக் குவளையில் வைத்து, அதன்மேல் பனிக்கட்டியை இட்டுப் பாருங்கள். அப்போது நீர் வழியும். நிலத்தின்மேல் கிடக்கும் பனியே கடலை உயர்த்துவது. கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டரும், அண்டார்க்டிகாவின் பனி முழுதும் உருகினால் சுமார் 58 மீட்டரும் உயரும். அதற்கு மிக நீண்ட காலம் ஆகும். எனினும், அதில் சிறு பங்கு கரைந்தாலும் கடற்கரை ஊர்களுக்குத் துன்பமே.

அப்படியாயின் மிதக்கும் பனி உருகுவதால் தீங்கில்லையா? உண்டு. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது; கருநிறக் கடலோ அதை உறிஞ்சிக்கொள்கிறது. பனி குறையக் கடல் சூடேறும். கடல் சூடேறப் பனி மேலும் குறையும். 1979 முதல் செயற்கைக்கோள்கள் எடுத்துவரும் கணக்கில், 2012 செப்டம்பரில் வடதுருவக் கடற்பனி அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியது. அப்போது அதன் பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீட்டர்.

செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பையே காணும். ஆழத்தில் நிகழ்வதை அறிவது எவ்வாறு? ஒரகடத்திலிருந்து தொலைவில் இல்லாத பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அதன் பொறியாளர்களும் கோவாவிலுள்ள துருவ ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து, 2014 ஜூலையில், ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலுள்ள கோங்ஸ்பியோர்டன் கடற்கழியில் ‘இண்டார்க்’ என்னும் கருவித் தொகுதியை இறக்கினர். 2008-இல் திறக்கப்பெற்ற நமது ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் அதன் அருகே உள்ளது. சுமார் 190 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்ட வடத்தை நீருக்குள் மிதவைகள் நிமிர்த்தி நிறுத்துகின்றன. அதில் கோத்த கருவிகள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பத்தையும் உப்பின் அளவையும் நீரோட்டத்தையும் குறிக்கின்றன. கதிரவன் எழாத குளிர்கால மாதங்களிலும் அப்பணி நிற்பதில்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் எப்போது உள்ளே புகுகிறது, பனியாறுகள் உருகிய நன்னீர் எவ்வளவு கலக்கிறது என்பதை அக்குறிப்புகள் காட்டும். துருவ மாற்றத்திற்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதும் இம்முயற்சியின் நோக்கம். மழையையும் ஏரியையும் நம்பி வாழும் நமக்கு அது அயல்நாட்டுச் செய்தியன்று.

மாணவர்களே! கருவி காட்டும் அளவு நம் கருத்துக்கு மாறாக இருப்பின், திருத்தவேண்டியது கருத்தையே. அன்று என் குவளை அதைத்தான் சொல்லிற்று. நான் உட்காரச் சொன்ன அம்மாணவன் இப்போது ஏதேனும் ஆலையில் பணியில் இருக்கலாம். இவ்வுரையைக் கேட்கவும் கூடும். தம்பி, நீ சொன்னதே சரி.