பேதியானால் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

(நம் குடியிருப்பின் மழைக்கால சுகாதாரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வருகிறது, தண்ணீரைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். ஓய்வுக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். காலரா நச்சு நம் குடலில் என்ன செய்கிறது? உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் அதற்கு ஏன் மருந்தாகிறது?

"தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், கொடுக்காதே" என்று சொல்பவர்கள் இன்றும் நம் வீடுகளில் உண்டு. அது உயிரை வாங்கும் பேச்சு. ஏன் என்று பார்ப்போம்.

வைரஸ் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லைக் கொண்டே தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும். காலராக் கிருமி ஒரு பாக்டீரியா. அது செல்லுக்குள் போவதில்லை. சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நச்சை மட்டும் உள்ளே அனுப்புகிறது. இதை முதலில் நிரூபித்தவர் நம் நாட்டுக்காரர், கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே. கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலில் செலுத்தினார். கிருமியே இல்லாமலும் குடலில் நீர் நிரம்பியது. 1959-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

அந்த நச்சு ஆறு துண்டுகள் கொண்டது. ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்து, குடல் செல்லின் மேல் உள்ள ஒருவகைக் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். ஆறாவது துண்டுதான் வேலை செய்வது. செல் இதைத் தன் சரக்கு என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. வங்கியில் கிழிந்த நோட்டுகளைப் பிரித்து அழிக்க அனுப்புவோம் இல்லையா? செல்லும் சரியாக உருவாகாத புரதங்களைத் தனியே பிரித்து, அழிப்பதற்காக வெளியே தள்ளும். நச்சுத் துண்டு கிழிந்த நோட்டு வேஷம் போட்டு அந்த வழியாக வெளியேறுகிறது. ஆனால் அழிக்கும் இடத்துக்குப் போகாமல் தப்பிவிடுகிறது.

தப்பியதும் ஒரு சுவிட்சைப் போட்டு, திரும்ப அணைக்க முடியாதபடி செய்துவிடுகிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடினால் என்ன ஆகும்? அதே கதைதான். செல்லின் குளோரைடு வாசல் திறந்தபடியே நிற்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போகின்றன. கடுமையான காலராவில் மணிக்கு 1 லிட்டர் வரைகூட வெளியேறலாம். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. இந்த நச்சு செல்லைக் கொல்வதில்லை, இன்னொரு வாசலைத் தொடுவதும் இல்லை. அந்த வாசல் பேங்க் லாக்கர் மாதிரி. வாடிக்கையாளர் சாவியும் வேண்டும், வங்கிச் சாவியும் வேண்டும். குளுக்கோஸ் ஒரு சாவி, உப்பில் உள்ள சோடியம் இன்னொரு சாவி. இரண்டும் சேர்ந்து வந்தால் வாசல் திறக்கும். கூடவே தண்ணீரும் உடம்புக்குள் போகும். வெறும் தண்ணீர் போதாது என்பதும், உப்பும் சர்க்கரையும் அளவோடு இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைத் தயார் செய்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி அந்த வழியில் வந்ததுதான்.

பேதி எல்லாமே காலரா அல்ல. ஆனால் பெரும்பாலான பேதிகளில் அந்த இரண்டு சாவி வாசல் ஓரளவாவது வேலை செய்கிறது. ஆகவே வீட்டில் செய்ய வேண்டியவை இவை:

1. உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டாவது வீட்டில் இருக்கட்டும். எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். அதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கொதித்து ஆறிய நீரில் கலந்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

2. பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இனிப்புக் குளிர்பானம் இதற்கு மாற்று அல்ல.

3. வாந்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

4. சிறுநீர் வராமை, குழிவிழுந்த கண், மயக்கம், குடிக்க முடியாமை, மலத்தில் ரத்தம் – இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் எவ்வளவு குடிக்கலாம் என்று தங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 1854-இல் லண்டனில் டாக்டர் ஜான் ஸ்நோ, காலராவில் யார் யார் எந்த வீட்டில் இறந்தார்கள் என்று குறித்துப் பார்த்து, ஒரு தெருப் பம்புதான் காரணம் என்று கண்டுபிடித்தார். நம் எல்லா வீட்டுக்கும் ஒரே சம்ப் தண்ணீர். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்தால், வெட்கப்படாமல் அன்றைக்கே சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒரே பிளாக்கில் இரண்டு மூன்று வீட்டில் என்று தெரிந்தால்தான் சம்ப்பைப் பார்க்க முடியும், குளோரின் போட முடியும், கழிவுநீர்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்று தேட முடியும். ஒவ்வொருவரும் தனித்தனியே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது.