முதலில் வீடு கொடுங்கள்



2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் பிளாட்பாரம், பாலத்தடி, ரயில் நிலையம், கோயில் வாசல் என்று தேடிப்போய் வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் என்று கணக்கு வந்தது. அந்த இரவு கண்ணில் பட்டவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிலும் கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்காகப் பேசவே இன்று வந்திருக்கிறேன். மனநோயோடு தெருவில் கிடப்பவர்கள், மனநோய் வந்ததாலேயே தெருவுக்குத் தள்ளப்பட்டவர்கள்.

ஏர்வாடியை நாம் மறந்துவிட முடியுமா? 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்குள் மனநோயாளிகள் காப்பகத்தின் கூரைக் கொட்டகை பற்றி எரிந்தது. ஓட முடியாதபடி சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். நாடே பதறியது. அங்கிருந்த காப்பகங்களை மூடினோம், சங்கிலிகளை அவிழ்த்தோம். அவிழ்த்துவிடப்பட்ட மனிதர் அன்று இரவு எங்கே போய்ப் படுப்பார் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை இந்த நாடு முழுப் பதில் சொல்லவில்லை.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். தெருவில் கிடந்த ஒரு பெண்ணைப் போலீஸ் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்க்கிறது. மருந்து கொடுக்கிறார்கள், தேறிவிடுகிறாள். பெயர் சொல்கிறாள், ஊர் சொல்கிறாள், பிள்ளைகளைக் கேட்கிறாள். மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். எந்த வீட்டுக்கு? அண்ணன் வரமாட்டேன் என்கிறான், புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவளுக்கு இரண்டே வழிகள். மறுபடி தெரு, இல்லாவிட்டால் ஆயுள் முழுவதும் அதே வார்டு. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று நாட்டிலுள்ள 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தது. உள்ளே இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஓராண்டைத் தாண்டி அங்கேயே இருந்தார்கள். குற்றம் செய்தவனுக்குக்கூட விடுதலைத் தேதி உண்டு. நோய் வந்தவளுக்குக் கிடையாதா?

சட்டம் இல்லாமல் இல்லை. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஊருக்குள் மற்றவர்களைப் போல வாழ்வது அவர்களின் உரிமை என்கிறது. அதற்கான குழு இல்லங்களையும் இடைநிலை இல்லங்களையும் அமைப்பது அரசின் கடமை என்கிறது. ஏட்டில் எழுதிய உரிமைக்கு ஊரில் ஒரு கதவு எண் வேண்டாமா?

இரவுக் காப்பகங்கள் இருக்கின்றனவே என்பார்கள். வேண்டும்தான். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பல நகரங்கள் அசைந்தன. மழைக்கும் பனிக்கும் அவை உயிர் காக்கும். ஆனால் நூறு பேர் வரிசையாகப் படுக்கும் கூடத்தில் ஒருவர் தன் பெட்டியைப் பூட்டி வைக்க முடியுமா? பிடித்த குழம்பு வைக்க முடியுமா? வந்த விருந்தாளிக்குக் காபி போட முடியுமா? காப்பகம் ஓர் இரவைக் கடத்தும். வாழ்க்கை நடத்த வீடுதான் வேண்டும்.

வீட்டை மட்டும் கொடுத்துவிட்டுக் கைகழுவினாலும் நடக்காது. சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பிழைப்பிலிருந்து பிரித்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினோமே, அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். வீடும் வேண்டும், கூடவே துணையும் வேண்டும். மாத்திரையை நினைவூட்ட, ரேஷன் அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் கூட வர, வேலை தேடித்தர, மனம் தளரும் நாளில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

இது கனவு இல்லை, தோழர்களே. இந்தச் சென்னையில் நடக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாழ்கிறார்கள். துணைக்கு இருப்பவர்களில் பலர் பெரிய படிப்புப் படித்த நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். இனி இவரால் முடியாது என்று எழுதி வைக்கப்பட்டவர்கள் கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள்.

“முதலில் குணமாகட்டும், குடியை விடட்டும், பிறகு வீடு பார்க்கலாம்” என்பார் உண்டு. பிளாட்பாரத்தில் தூக்கமில்லாமல், மாத்திரை வைக்க இடமில்லாமல், யார் வந்து இழுப்பார்களோ என்ற பயத்தோடு ஒருவர் எப்படிக் குணமாவார்? 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். நிபந்தனை வேண்டாம், வீடு முதலில் என்றார். 2009 முதல் 2013 வரை கனடா ஐந்து நகரங்களில், மனநோயோடு வீடற்றிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதலில் வீடு பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் ஒரு நாள்கூட வீடிழக்காமல் இருந்தார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 31 விழுக்காடு. சரிக்குச் சரி இரண்டு மடங்கு! பின்லாந்து 2008இல் இதையே அரசின் கொள்கையாக்கியது. ஹெல்சிங்கியில் 250 படுக்கைகள் கொண்ட விடுதியை மூடிவிட்டு, அதே கட்டடத்தில் 80 வீடுகள் கட்டி, உதவியாளர்களையும் அங்கேயே அமர்த்தினார்கள்.

“பணத்துக்கு எங்கே போவது?” என்பார்கள். தெருவில் விட்டால் செலவில்லையா? ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, போலீஸ், நீதிமன்றம், மறுபடி மருத்துவமனை என்று அதே ஆளுக்காக அரசு திரும்பத் திரும்பச் செலவழிக்கிறது. அந்தக் கனடா ஆய்வில், சேவைகளுக்கு அதிகச் செலவு வைத்த பத்து விழுக்காட்டினரிடம், வீட்டுக்காகச் செலவிட்ட ஒவ்வொரு 10 டாலரும் வேறு செலவுகளில் 21 டாலருக்கு மேல் மிச்சப்படுத்தியது. இரக்கம் இல்லாதவர்கள் கணக்காவது போட்டுப் பார்க்கட்டும்!

இனி நம்மிடம் வருகிறேன். வாடகையும் அட்வான்ஸும் கையில் இருந்தும் “அப்படிப்பட்டவர்களுக்கு” வீடில்லை என்று கதவைச் சாத்துவது யார்? மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே கேலிச் சொல்லாக்கிச் சினிமாவில் சிரித்தது யார்? நாம்தான். மனநோய் உள்ளவர் என்றாலே ஆபத்தானவர் என்பது பொய். தெருவில் அடிபட்டதும் ஏமாற்றப்பட்டதும் பலாத்காரத்துக்கு ஆளானதும் அவர்கள்தான்.

எனவே அரசிடம் கேட்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் வாடகை வீடுகள் எடுத்துத் துணையாளர்களையும் நியமியுங்கள். அரசு கட்டும் குடியிருப்புகளில் இவர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். துணையாளர்களுக்கு முறையான ஊதியம் கொடுங்கள். தேறியவரை வார்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பதில் சொல்லுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் தெருவில் இவர்கள் வீடு கேட்டு வரும் நாளில் தடுக்காதீர்கள். வீடு வைத்திருப்பவர்கள் சாவியைக் கொடுங்கள். வாடகைக்கு விட வீடில்லாதவர்கள் நல்ல பக்கத்து வீட்டுக்காரராக இருங்கள்.