ஒரு போன் போட்டுக் கேளுங்க
(சிறு, குறு தொழில் செய்வோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் திருப்பூரில் சின்னதா ஒரு பனியன் கம்பெனி நடத்துறேன். மொத்தம் 12 மெஷின். கணக்கு பார்க்கிற தங்கச்சி, குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்றாங்க. ஆர்டர் பிடிக்கிற தம்பி பாதி நாள் வெளியூர்ல. அப்போ என் ஆபீஸ் எங்கே இருக்கு? மூணு போன்லயும் ரெண்டு லேப்டாப்லயும் இருக்கு. ஷட்டருக்கு ரெண்டு பூட்டு போட்ட நான், இதுக்கு ஒரு பூட்டுகூடப் போடலை.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்களுக்கு நூல் தர்றவர் பேரில் ஒரு மெயில் வந்தது. பில் நம்பர் சரி, தொகை சரி. "வங்கிக் கணக்கு மாறியிருக்கு, இனிமே இதில் போடுங்க" என்று இருந்தது. அனுப்பினவர் முகவரியில் ஒரே ஒரு எழுத்து கூடுதல். அதை யாரும் கவனிக்கலை. 1,80,000 ரூபாய் போயிடுச்சு.

தப்பு அந்தத் தங்கச்சி மேல இல்லைங்க. ஆபீஸ்ல இருந்திருந்தா, "ஏனுங்ணா, இவங்க அக்கவுண்ட் மாத்திட்டாங்களா?" என்று திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. வீட்டில் பக்கத்தில் ஆளில்லை. போன் போட்டுக் கேட்கணும்னு நானும் சொல்லி வைக்கலை.

திங்கட்கிழமை நூல்காரர் "பணம் வரலையே" என்றபோதுதான் விஷயமே தெரிஞ்சுது. உடனே 1930-க்குக் கூப்பிட்டோம். ஆனா மூணு நாள் போயிருந்தது. மிச்சமிருந்த கொஞ்சப் பணத்தை மட்டும்தான் முடக்க முடிஞ்சுது. அந்த வாரச் சம்பளத்துக்கு வீட்டு நகையை அடகு வெச்சேன்.

பில் நம்பர் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? எங்க மெயிலையே படிச்சிருக்காங்க. மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. போதாததுக்கு, வர்ற மெயிலெல்லாம் வேறொரு முகவரிக்கும் தானா போற மாதிரி செட்டிங்கை மாத்தி வெச்சிருந்தாங்க. உங்க மெயில் செட்டிங்கிலும் அப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்க.

இப்போ நாங்க சில விதிகள் வெச்சிருக்கோம்.

யார் கணக்கு எண் மாறினதா சொன்னாலும், நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிற பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்கணும். அந்த மெயிலில் இருக்கிற நம்பருக்குக் கூடாது. என் பேரில், என் போட்டோவோட வாட்ஸ்அப்பில் "அவசரமா பணம் போடு" என்று வந்தாலும் இதே விதிதான். ஒருத்தர் பதிவு செய்து இன்னொருத்தர் ஒப்புதல் தரும் வசதி, தொழில் கணக்குகளுக்குப் பல வங்கிகளில் உண்டு. கேட்டு வாங்கிக்கோங்க.

ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ஓடிபியை நானே கேட்டாலும் சொல்லக் கூடாது. வேலையை விட்டு நின்னவங்க லாகினை அன்னைக்கே மூடிடணும்.

வேலை லேப்டாப்பில் பிள்ளைங்க விளையாட வேண்டாம், திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம், அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். வாராவாரம் கணக்கை ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, உடனே கழற்றி வெச்சிடுங்க. மாட்டியே வெச்சிருந்தா, கம்ப்யூட்டரை முடக்குற வைரஸ் அந்த நகலையும் சேர்த்து முடக்கிடும்.

இவ்வளவும் மீறிப் பணம் போயிட்டா? அந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடுங்க. வங்கிக்கும் சொல்லுங்க. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூணும் கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுறதுக்குள்ள சொன்னால்தான் தடுக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியா முதலாளிகளுக்கு ஒண்ணு. தப்பு செஞ்சவங்களைத் திட்டாதீங்க. திட்டுக்குப் பயந்து ஒருத்தர் ரெண்டு மணி நேரம் மறைச்சா, அந்த ரெண்டு மணி நேரத்தில் பணம் கை மாறிடும். "எந்நேரமும் கூப்பிடு, கோவிச்சுக்க மாட்டேன்" என்று இன்னைக்கே சொல்லி வைங்க. அந்தத் தங்கச்சி இப்பவும் எங்ககிட்டதான் கணக்கு பார்க்கிறாங்க. போன மாசம் அதே மாதிரி இன்னொரு மெயில் வந்தது. போன் போட்டுக் கேட்டாங்க. பணம் தப்பிச்சுது.