எந்தக் கல்லில் இருந்து அளந்தீங்க?

கட்டுமான வேலையில ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தகவல் எங்க அறுந்து போகுதுன்னு போன சில எபிசோடுகளா பேசிட்டு வர்றோம். இன்னைக்கு நானே செஞ்ச தப்பைச் சொல்றேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஆத்துலயும் வாய்க்கால்லயும் வேலை பார்க்கிறவங்களுக்குக் கெடு வைக்கிறது காவிரிதான். வழக்கப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28-ல மூடுவாங்க, ஜூன் 12-ல திறப்பாங்க. இடையில இருக்கிற நாலரை மாசத்துக்குள்ள தூர்வாரணும், மதகு கட்டணும், கரையைப் பலப்படுத்தணும்.

அப்படி ஒரு கோடையில, கிளை வாய்க்கால் ஒன்னோட தலைமதகை இடிச்சுட்டுப் புதுசா கட்டினோம். நான் சைட் இன்ஜினியர். மதகு ஒரு கான்ட்ராக்டர்கிட்ட, தூர்வாருறது இன்னொருத்தர்கிட்ட. ரெண்டு பேருக்கும் ஒரே டிராயிங். லெவல் எடுக்கறதுக்குப் பக்கத்துப் பாலத்தோட கைப்பிடிச் சுவரைக் காட்டியிருந்தாங்க.

அந்தச் சுவரை ஊர்க்காரங்க முன்னமே அரை அடி உயர்த்திக் கட்டியிருந்தாங்க. டிராயிங்ல அது ஏறவே இல்லை. தூர்வாருறவர் உள்ளூர்க்காரர், விஷயம் தெரிஞ்சு, பழைய மட்டத்தையே வச்சு அளந்தார். மதகுக்காரர் வெளியூர், புதுச் சுவர் உச்சியில இருந்து அளந்தார். மதகோட தளம் அரை அடி மேல போயிடுச்சு.

தினமும் சாயங்காலம் ஒரு பெரியவர் கரையில வந்து நிப்பார். கடைமடை விவசாயி. ஒருநாள் கேட்டார்: "தம்பி, பழைய தளம் படித்துறையோட கடைசிப் படிக்குச் சமமா இருக்கும். இது ஒசந்து நிக்குதே?" நான், "டிராயிங்படிதாங்க ஐயா போகுது"ன்னுட்டேன்.

பத்து நாள் கழிச்சு மனசு கேக்காம மேஸ்திரியைக் கூப்பிட்டு டியூப் லெவல் பிடிச்சுப் பார்த்தேன். பெரியவர் சொன்னதுதான் சரி. தூர்வாருற கான்ட்ராக்டர்கிட்ட கேட்டா, "சுவர் விஷயம் உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சார்"ங்கிறார். ரெண்டு பேரோட லெவல் புத்தகமும் என் மேசையிலதான் கிடந்தது. நான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கவே இல்லை.

டெல்டா தட்டை நிலம். கிலோமீட்டருக்கு ஓரிரண்டு அடிதான் சரிவு. அங்க அரை அடிங்கறது பெரிய மேடு. தளத்தை உடைச்சு மறுபடி போடறதுக்குள்ள ஜூன் 12 வந்துடுச்சு. கடைமடைக்குத் தண்ணி ரொம்பப் பிந்தித்தான் போச்சு. பம்புசெட் வச்சிருந்தவங்க சமாளிச்சாங்க. இல்லாதவங்களுக்கு அந்த வருஷம் குறுவை இல்லை. அந்தப் பெரியவர்கிட்டயும் பம்புசெட் கிடையாது.

அப்புறம் ஒருநாள் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிக்கும்போது இதே விஷயம் கண்ணுல பட்டுச்சு. கோயிலுக்கு நெல் அளக்கிற ஊர்கள் பல. எல்லா நெல்லையும் ஆடவல்லான்னு பேர் வச்ச ஒரே மரக்காலால அளக்கணும். பொன் நிறுக்கறதுக்கும் அதே பேர்ல ஒரு கல். ஒரு விளக்குக்கு 96 ஆடு, அதை வாங்கினவர் தினம் ஒரு உழக்கு நெய் தரணும். இதெல்லாம் சுவர்ல வெட்டியிருக்கு. 1010-ல குடமுழுக்கு நடந்த கோயில். யார் யாருக்கு எவ்வளவு, எந்த அளவையால அளக்கணும்னு எல்லாருக்கும் பொதுவான ஒரு இடத்துல எழுதி வச்சிட்டாங்க.

இப்ப என் சைட்ல முதல் நாளே எல்லா கான்ட்ராக்டரையும் ஒரே கல்லு முன்னாடி நிக்க வைக்கிறேன். சிவப்புப் பெயின்ட்ல லெவலை எழுதி, அவங்கவங்க புத்தகத்துல என் கண்ணு முன்னாடியே குறிக்கச் சொல்றேன். வாட்ஸ்அப் குரூப்புல படம் போட்டா மட்டும் போதாது. பார்த்தேன்னு கட்டைவிரல் காட்டுவாங்க, அளந்திருக்க மாட்டாங்க. கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி தலைமடையில ஒருத்தர், கடைமடையில ஒருத்தர்னு விவசாயிகளையும் கூப்பிடறேன். அவங்க எதாவது சொன்னா, பதில் சொல்றதுக்கு முன்னாடி டியூப் லெவலை எடுத்துடறேன்.

உங்க சைட்லயும் இந்த மாதிரி நடந்திருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.