தம்பதிகள் பிரயாணமும் சாரத்தியமும்
(சங்க மாதர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அற்பமென்று சிலர் நகைக்கக்கூடும். புருஷனும் மனைவியும் ஒரே வண்டியில் புறப்படுங்கால் அதை ஓட்டுவது யார் என்பதே அது. நம் குடும்பங்களில் இக்கேள்வி எழுவதேயில்லை. எழாமையே நம்மைப் பேசத் தூண்டிற்று.

நம் பெண்மக்கள் வண்டியோட்ட அறியாதவரல்லர். வாரமுழுவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், ஆபீசுக்கும், கடைத்தெருவுக்கும் ஸ்கூட்டரிலேயே போய் வருகின்றனர். 2018-ஆம் வருஷத்தில் நம் மாநில அரசாங்கத்தார் வேலை பார்க்கும் மாதருக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, 25,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமளிக்கவும் தொடங்கினர். காரோட்டும் லைசென்ஸும் பலரிடம் உண்டு. எனினும் ஞாயிற்றுக்கிழமையில் கணவர் உடன் வருவாரேல், அதே ஸ்கூட்டரின் கைப்பிடி அவர் கைக்குப் போய்விடுகிறது. அம்மாள் குழந்தையையும் பையையும் ஏந்திப் பின்னே ஒருபக்கமாய் அமர்கிறாள். ஆறு நாளும் இருந்த வித்தை ஏழாம் நாள் எங்கே ஒளிந்தது?

‘பெண்பிள்ளை ஓட்ட, ஆண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் ஊரார் என்ன சொல்வார்?’ என்பதே நாம் கேட்கும் விடை. இது பழைய ஆசாரமென்று எண்ணுதல் பிழை. போர்க்களத்தில் கைகேயி தசரதனுக்குத் தேர் செலுத்திய கதையைப் புராணிகர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தவர்களே நம் முன்னோர். (அவள் பின்னர்க் கேட்ட வரங்களைச் சொல்லி நம்மை மடக்க வேண்டா; தேர் நன்றாகவே ஓடிற்று.)

மோட்டாரின் சரித்திரமும் அவ்வாறே. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பார் சமைத்த வண்டியை ஜனங்கள் நம்பி வாங்காதிருந்த காலம். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே, புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய் வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் அவ்வண்டியிலேயே சென்றார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைப்பித்தார். நெடுவழியில் முதன்முதல் மோட்டாரோட்டியவர் ஓர் இல்லத்தரசியே.

இனிச் சிறிது கசப்பானதைச் சொல்லியாக வேண்டும். கலியாண வரவேற்புகளுக்குப் போகும் நம் ஆண்மக்களிற் சிலர் மண்டபத்துக்கு வெளியே சிநேகிதருடன் மதுவருந்திவிட்டு, நள்ளிரவில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றனர். இதை நாமெல்லோரும் அறிவோம், ஒருவரும் பேசுவதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் ஓட்டுதல் குற்றமென்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். 2019-இல் செய்த திருத்தப்படி முதற் குற்றத்துக்கே பதினாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறுமாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அபராதமாவது கட்டித் தீரும். லைசென்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மடியில் உறங்கும் மகவைப் பிடித்தபடி, எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தை நோக்கி வாய் திறவாதிருக்கும் மனைவியின் நிலைமை யாது? சாவியைக் கேட்டால் அவருக்குக் கௌரவக் குறைச்சல் என்று அஞ்சுகிறாள். மது அருந்தாதவரும் குலதெய்வக் கோயிலுக்குப் போய் மீளுகையில் தூக்கத்தோடு போராடுகின்றனர். தாமே ஓட்டியாக வேண்டுமென்னும் கட்டு ஆண்மக்களுக்கும் சுமையே.

‘அவளுக்குப் பழக்கமில்லையே’ என்று ஒரு பெரியவர் நம்மிடம் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபந்தான். பத்து வருஷம் ஓட்டாதவளிடம் நெடுஞ்சாலையில் நள்ளிரவில் சாவியைக் கொடுத்தல் தகாது. பகலில், பழகிய தெருவில், வாரந்தோறும் ஓட்டிப் பழக வேண்டும். அப்போது பக்கத்திலிருக்கும் கணவர் மூச்சுக்கு மூச்சு ‘பிரேக்! பிரேக்!’ என்று கூவாதிருப்பது பேருதவியாம்.

ஆகவே, லைசென்ஸ் பெற்றும் பழக்கம் விட்டுப்போன நம் சகோதரிகளுக்குத் தேர்ந்த பயிற்சியாளரைக் கொண்டு மீண்டும் பழக்குவிக்கவும், செலவிற் பாதியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கவும் இச்சபை நிர்வாகக் குழுவாரைக் கேட்டுக்கொள்ள வேண்டுமென்னும் தீர்மானத்தைப் பிரேரேபிக்கிறோம். ஆமோதிக்க ஆண்மக்களில் ஒருவர் எழுவாராயின் மிக்க சந்தோஷம்.