தோட்டத்துப் பிள்ளையும் யாழ் நூலும்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். அதே ஆண்டில்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. காடு திருத்திக் கொழுந்து பறிக்க வந்த தமிழருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உண்டு.

மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டியில் தோட்டத்துப் பிள்ளை ஒன்று பரிசு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "இதையே பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன்" என்று அது சொன்னால், "படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். கேட்பது தவறில்லை. என்ன படிப்பு என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய இசையை அந்தக் காலத்தில் எப்படிப் பாடினார்கள், எந்தக் கருவியில் வாசித்தார்கள் என்று தேடுவதே இந்தப் படிப்பு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதற்கென்றே 1933இல் ஒரு கல்விக்கூடம் எழுந்தது. தமிழர் தேட்டம் அதற்கும் முந்தியது. தஞ்சையில் சித்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலையில் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகியிருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையைக் கையில் வைத்துக்கொண்டு, நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள கணக்கைப் போட்டுப் போட்டு, வில்யாழ், பேரியாழ், மகரயாழ் என்று விளக்கினார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

ஒரு வேடிக்கை. ஒரு ஸ்தாயிக்குள் சுருதி எத்தனை என்பதிலேயே இருவரும் ஒத்துப்போகவில்லை. பண்டிதர் 24 என்றார். அடிகள் 22 என்று வைத்துக் கணக்கிட்டார். நூல் ஒன்று, வாசிப்பு இரண்டு! ஆகவே குரல்வளம் மட்டும் போதாது. பழந்தமிழும் கல்வெட்டும் ஒலியியலும் வேண்டும். பதிகத்தின் தலைப்பில் காந்தாரபஞ்சமம் என்றிருக்கும். ஓதுவார் இன்று பாடுவது கேதாரகௌளை. சம்பந்தர் பாடியதும் அப்படித்தானா? பரிசு வாங்கிய பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி இது.

மலையில் இன்று கொழுந்து பறிப்பவரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் ஏராளம். தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணத்துக்கு இறங்கிவிட்டன. லயத்தில் பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் பல எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது. யாழுக்காவது சிலப்பதிகாரம் இருந்தது. பாட்டிக்கு, ஒலிப்பதிவுக் கருவியோடு பக்கத்தில் வந்து உட்காரும் பேரப்பிள்ளைதான் உண்டு. அந்தப் பிள்ளை விண்ணப்பப் படிவத்தை நீட்டினால் முதலில் கையெழுத்துப் போடுங்கள். சம்பளக் கணக்கை ராத்திரி சாப்பிடும்போது பேசிக்கொள்ளலாம்.