அச்சம் ஏன் பிறக்கவில்லை?

(ஆண்டு விழாவிற்கு முன் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் பேச்சாளன் அல்லன், புலவனும் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை எண்ணி ரசீது எழுதிவரும் ஒரு குமாஸ்தா. அப்படிப்பட்டவனை அழைத்து, 'அச்சம் என்னும் மெய்ப்பாட்டைப் பற்றிப் பேசுக' என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். காரணம் கேட்டேன். 'சென்ற ஆண்டு பேய் நாடகம் எழுதியவர் நீங்கள்தாமே?' என்றார்கள். அப்பொழுது அவர்கள் முகத்தில் தோன்றியது புன்னகையா, இரக்கமா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த நாடகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நள்ளிரவு, பாழடைந்த ஒரு குடியிருப்பு, மூன்றாம் காட்சியில் விளக்கு அணைய வேண்டும், இருளில் பேய் வர வேண்டும். விளக்கை அணைக்க வேண்டியவன் நான். நான் வசனத்தில் மயங்கி நின்றுவிட்டேன். வெள்ளைப் போர்வை போர்த்திய நம் நண்பர் குழல்விளக்கின் முழு வெளிச்சத்தில் வந்து நின்று கைகளை உயர்த்தினார். முன்வரிசையில் இருந்த அவருடைய சிறுமகள், 'அப்பா!' என்று கூவிக்கொண்டு மேடையை நோக்கி ஓடினாள். மண்டபம் அதிர்ந்தது, அச்சத்தால் அன்று, சிரிப்பால்! அன்று தொட்டு அந்த நண்பர் ஒத்திகை அறைப்பக்கம் வரவில்லை. இவ்வாண்டு விழாவில் நாடகமே வேண்டாம் என்றும் ஒரு கருத்து எழுந்துள்ளது. ஆகவே, நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் எனக்கு வெறும் இலக்கியப் பொருள் அன்று. என் நெஞ்சில் தைத்த முள்.

நம்மைப் போலவே அஞ்ச வைக்க முயன்று தோற்றவர் வேறு எவரேனும் உண்டா என்று தேடினேன். என் மகன் கணிப்பொறியில் ஓர் அமெரிக்கப் படத்தைக் காட்டினான். அதன் பெயர் 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'. 'மானோஸ்' என்றால் ஸ்பானிய மொழியில் கைகள் என்று பொருள். எனவே, படத்தின் பெயர் 'கைகள்: விதியின் கைகள்' என்றாகிறது! பெயரிலேயே கூறியது கூறல் என்னும் குற்றம் புகுந்துவிட்டது.

அன்பர்களே! அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று எண்ணுகிறீர்கள்? ஹாலிவுட் முதலாளி அல்லர். டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் உரம் விற்று வந்த ஹெரால்டு வாரன் என்பவர். ஊர் நாடக மேடையில் பற்றுடையவர். ஸ்டெர்லிங் சிலிஃபன்ட் என்னும் பெயர்பெற்ற திரைக்கதை ஆசிரியரிடம், 'பேய்ப்படம் எடுப்பது பெரிய காரியமா? நானே எடுத்துக் காட்டுகிறேன்' என்று பந்தயம் கட்டினார் என்பர். ஏறத்தாழ 19,000 டாலர் திரட்டினார். கதை அவர், இயக்கம் அவர், கதாநாயகனும் அவரே. நடித்தவர்களிற் பலர் அவ்வூர் நாடக மேடையைச் சேர்ந்தவர்கள். கையில் ஊதியம் இல்லை; படம் ஓடினால் இலாபத்தில் பங்கு என்ற வாக்குறுதி மட்டும் உண்டு. நம் சங்க நாடகக் குழுவிற்கும் அவர்களுக்கும் இடையே கடல்தான் வேறுபாடு!

கதையைச் சுருங்கச் சொல்கிறேன். கணவன், மனைவி, சிறுமகள், ஒரு நாய்க்குட்டி ஆகியோர் விடுமுறைக்குக் காரில் புறப்பட்டு வழி தவறுகின்றனர். ஆள் நடமாட்டமில்லாத வனாந்தரத்தில் ஒரு வீடு எதிர்ப்படுகிறது. டார்கோ என்னும் விசித்திரமான காவலாள் அதைக் காத்து நிற்கிறான். அவனுடைய எசமானன் மானோஸ் என்னும் தீய தெய்வத்தை வழிபடுபவன். பல மனைவியரை உடையவன். இரவானதும் அவர்கள் விழித்தெழுகின்றனர். முடிவில் கணவன் அவ்வீட்டின் புதிய காவலாளாகிறான். மனைவியும் மகளும் எசமானனின் மனைவியர் கூட்டத்தில் சேர்க்கப்படுகின்றனர்.

சற்று எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்று வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இப்படத்தில் நான்கும் உள்ளன. மானோஸ் என்னும் தெய்வம் அணங்கு. இருளில் உறுமும் வேட்டைநாய் விலங்கு. பிறர் மனைவியையும் மகவையும் கவர்பவர் கள்வர். எவரும் மறுத்துப் பேசவொண்ணாத எசமானன் இறை. நான்கு கால்களும் இருந்தும் கட்டில் நிற்கவில்லை! கதையோ உண்மையில் கொடியது. தன் மகளைக் காக்க இயலாத தந்தையின் நிலையைவிட அஞ்சத்தக்கது வேறு என்ன இருக்கிறது? ஆயினும் பார்ப்பவர் நெஞ்சில் ஒரு துளி அச்சமும் பிறக்கவில்லை. ஏன்?

பணமில்லாமையே காரணம் என்று சொல்ல நாக்கு எழுகிறது. அவர்கள் கையாண்ட 16 மி.மீ. ஒளிப்படக் கருவி சாவி கொடுத்து ஓட்டுவது. ஒரு முறை சாவி கொடுத்தால் 32 விநாடிகளே ஓடும். அதற்குள் ஒரு காட்சி முடிந்தாக வேண்டும். ஒலிப்பதிவு உடன் நிகழவில்லை. ஒரு சிலரே பின்னர் அமர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தனர். இரவுக் காட்சிகளுக்குப் போதிய விளக்கு இல்லை. இருந்த விளக்கைச் சுற்றி விட்டிற்பூச்சிகள் பறப்பது படமெங்கும் தெரிகிறது. துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்டு இரண்டு காவலர்கள் காரைவிட்டு இறங்குகின்றனர். சில அடிகள் நடக்கின்றனர். சுற்றுமுற்றும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் கடமை தவறியவர்கள் அல்லர். அதற்கு அப்பால் வெளிச்சம் இல்லை!

ஆனால், வறுமை முழுக் காரணம் அன்று. 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காட்டில் எட்டே நாளில் படம்பிடித்து, 1999-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்னும் படமும் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டதே. நடித்தவர்களே கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு படம்பிடித்தனர். அதில் வரும் சூனியக்காரியை நாம் ஒரு முறைகூடக் காண்பதில்லை. இரவில் கூடாரத்திற்கு வெளியே ஓர் ஓசை, காலையில் வாசலில் கற்குவியல், அவ்வளவே. உலகம் நடுங்கியது. அப்படத்தார் தம் வறுமையையே கதையாக்கினர்: காட்டில் வழி தவறிய மாணவர்கள் தாமே எடுத்த படம் இது என்றனர். ஆகவே ஆடும் காட்சியும் மங்கிய வெளிச்சமும் மெய்போலத் தோன்றின. வாரன் அவர்களோ தம் வறுமையை மறைக்க முயன்றார். மறைக்க முயன்றதே எல்லார் கண்ணிலும் பட்டது.

என் தொழிலிலிருந்து ஓர் உவமை கூற அனுமதி தாருங்கள். நடுநிசியில் சிறிய ஸ்டேஷன் ஒன்றில் நிற்கிறோம். முதலில் சிக்னல் மாறுகிறது. பிறகு தண்டவாளத்தில் மெல்லிய அதிர்வு. தொலைவில் ஒரு விளக்கு. அது பெரிதாகிறது. நிற்காத வண்டி என்று தெரிந்ததும் நம்மை அறியாமலே இரண்டடி பின்வாங்கி, குழந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறோம். வண்டி இன்னும் வரவில்லை, அச்சம் வந்துவிட்டது! அச்சம் என்பது வண்டியில் இல்லை, அன்பர்களே. சிக்னலுக்கும் வண்டிக்கும் இடையே உள்ள காத்திருப்பில் இருக்கிறது.

'மானோஸ்' படத்தில் நேர்வது என்ன? தொடக்கத்தில் கார் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, வயலும் சாலையும் நெடுநேரம் ஓடுகின்றன, ஒன்றும் நிகழவில்லை. சிக்னல் விழுந்து வண்டி வராத நிலை அது. பின்னர் எசமானன் தோன்றும்பொழுதோ, நம்மை ஆயத்தப்படுத்தாமலே வந்து நிற்கிறான். சிக்னல் இல்லாமல் வண்டி வந்த நிலை இது. டார்கோவை ஆட்டுக் கால்களையுடைய பிறவியாகக் காட்ட எண்ணிக் கால்சட்டைக்குள் ஏதோ ஒன்றைக் கட்டினர். ஆனால் அதைப் பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. பார்ப்பவர்க்கு அவன் முழங்கால் வீங்கிய நோயாளியாகவே தோன்றுகிறான். கொடியவர்களிடமிருந்து தப்பி ஓடிய குடும்பமோ, 'அங்கே நம்மைத் தேடமாட்டார்கள்' என்று சொல்லி அதே வீட்டிற்குத் திரும்புகிறது! நகை பிறக்கும் நிலைக்களங்களில் பேதைமையையும் மடனையும் தொல்காப்பியனார் ஏன் சேர்த்தார் என்பது அவ்விடத்தில் எனக்கு விளங்கியது. அச்சமும் நகையும் அடுத்தடுத்த வீடுகள். காலம் ஒரு நொடி தவறினால் ஒன்றின் கதவு சாத்தி மற்றதன் கதவு திறந்துவிடும். நான் விளக்கை அணைக்கத் தவறியதும் அந்த ஒரு நொடிதானே!

1966-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் எல் பாசோ நகரின் கேப்ரி திரையரங்கில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பெரிய விழாவாகத்தான் எடுத்தார்கள். நடிகர்களை அழைத்துவர ஒரே ஒரு வாடகைக் கார். சிலரை வாசலில் இறக்கிவிட்டுச் சுற்றிச் சென்று அடுத்தவரை ஏற்றிவந்தது என்பர். படம் தொடங்கியது. அவையினர் சிரித்தனர். ஊரார் நடுவே, உற்றார் நடுவே, நடித்தவர்கள் நாணித் தலைகுனிந்தனர். மகளாக நடித்த ஏழு வயதுச் சிறுமி, திரையில் தன் வாயிலிருந்து வேறொருவர் குரல் வரக் கேட்டு அழுதுவிட்டாள். குழந்தையின் குரலைப் பேசியவர் வளர்ந்த ஒரு பெண்மணி. அதை அவளிடம் முன்கூட்டிச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

டார்கோவாக நடித்த ஜான் ரெனால்ட்ஸ் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்னரே, தம் 25-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். படம் முழுதும் பார்த்துச் சிரித்த நான், மகன் வாயிலாக இச்செய்தி அறிந்தபின் சற்று நேரம் பேசவில்லை. அந்தப் படத்தில் ஓரளவேனும் உயிரோடு உலவும் பாத்திரம் டார்கோ ஒன்றுதான். தடுமாறும் நடையும் நடுங்கும் கையுமாக அவர் எதையோ உண்மையாகச் செய்ய முயன்றிருக்கிறார்.

படம் சிலகாலம் ஓடி மறைந்தது. 1993-ஆம் ஆண்டு ஜனவரியில், பழுதான படங்களைப் போட்டு நகையாடும் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மீண்டும் உயிர்பெற்றது. வியப்பு இனிமேல்தான். சிரித்தவர்களே அதன் அன்பர்களாயினர். 2011-ஆம் ஆண்டில் பென் சோலவி என்னும் இளைஞருக்கு அதன் பழைய 16 மி.மீ. படச்சுருள் கிடைத்தது. பொதுமக்களிடம் நிதி திரட்டி, அழுக்குப் போக்கிச் செப்பனிட்டார். 2015-ஆம் ஆண்டில் அது புதுப்பொலிவுடன் வெளியாயிற்று. அன்று அழுத சிறுமியும் வளர்ந்து, அப்படத்தோடு வளர்ந்த தம் கதையை நூலாக எழுதினார். எசமானனாக நடித்தவர் அவருடைய தந்தை. தாய் தைத்த உடைகள், தந்தை செய்த கலைப்பொருள்கள், குடும்பத்து நாய்: எல்லாம் அந்தப் படத்தில் இருக்கின்றன. உலகுக்கு அது தோற்ற படம். அவருக்கோ தாய் தந்தையரின் கைவண்ணம். 'கைகள்' என்ற பெயர் அந்த ஓரிடத்திலாவது பொருந்திவிட்டது!

இதனால் நான் அறிந்துகொண்டவை இரண்டு. ஒன்று, தோல்வியைத் தோல்வி என்றே சொல்ல வேண்டும். 'மானோஸ்' நல்ல படம் அன்று. என் நாடகமும் நல்ல நாடகம் அன்று. குறையை அறிந்தால்தான் திருத்த முடியும். விளக்கை அணைப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். அவர் வசனம் எழுதியவராக இருத்தல் கூடாது! மற்றொன்று, சிரிப்பு பகை அன்று. எள்ளிச் சிரிப்பதும் உண்டு. நம்மவர் என்னும் உரிமையால் சிரிப்பதும் உண்டு. சென்ற ஆண்டு இம்மண்டபத்தில் எழுந்தது இரண்டாவது சிரிப்பு என்றே நம்புகிறேன். ஆயினும் மேடைமேல் நிற்பவருக்கு வேறுபாடு தெரியாது. அதை நாம்தாம் சென்று சொல்ல வேண்டும். எல் பாசோவில் அந்தக் குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்லத் தவறினார்கள். நாமோ நம் நண்பருக்குப் பின்னாலும் சொல்லவில்லை. ஓராண்டு கழிந்துவிட்டது.

அவர் இன்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரைப் பார்த்துச் சொல்கிறேன்: ஐயா, பிழை உம்முடையது அன்று, விளக்கருகே நின்ற என்னுடையது. உம் மகள் உம்மைக் கண்டு அஞ்சவில்லை; ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அதைத் தோல்வி என்று எந்தத் தந்தை சொல்வார்? போர்வை என் வீட்டில் சலவை செய்து மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறு மாலை ஒத்திகைக்கு வாரும்.

இவ்வாண்டு விழாவில் நாடகம் இடம்பெற வேண்டும் என்று செயற்குழுவினரைப் பணிவுடன் வேண்டி அமர்கிறேன்.